சின்னவன் சொன்னதில் பாதி உண்மை

தானா ராத்தா,
கேமரன் மலை.

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. அத்தானுக்கு முட்டுவலி குறைந்ததா? போனில் பேசினால் நீ பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறாய், சிக்னலும் மலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் கடிதம்.

உன் சின்னவன் ஊருக்கு வந்து என் வீட்டைப் பற்றிப் படித்த குற்றப்பத்திரிகையை அத்தான் விவரமாகச் சொன்னார். ‘மாமா எலிப்பொந்துல குடியிருக்காரு, ராத்திரி கூரையில பேய் ஓடுது, கால் வச்ச இடமெல்லாம் ரத்தம்.’ அக்கா, அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான், ஆனால் சொன்ன விதம் சரியில்லை.

முதலில் அவன் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைக் கேள். அவன் மலேசியாவுக்கு வந்தது மாமாவைப் பார்க்க அல்ல, கடலில் முழுக. தியோமான் தீவும் எங்கள் பகாங் மாநிலம்தான் என்றாலும், ஜொகூரில் உள்ள மெர்சிங் துறைக்குப் போய்ப் படகேறினான். முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு பவளப்பாறை பார்த்தான், ஆமை பார்த்தான். தங்கியது கடற்கரையோரக் குடிசை. கொசுவலையில் தலை நுழைகிற ஓட்டை. சமையற்கட்டுக்குப் பின்னால் உடும்பு உலா. அங்கே உடும்புக்குப் பஞ்சமே கிடையாது, மீந்ததைத் தின்றுவிட்டு வீட்டுக்காரரைப் போல நடந்து போகும். போதாதற்கு மணல் ஈ. கடிக்கும்போது தெரியாது, மறுநாளிலிருந்து வாரக்கணக்கில் சொறிய வேண்டும். இத்தனைக்கும் காசு கொடுத்தானே, அங்கே யார் மேலும் புகார் இல்லை. ‘அட்வென்ச்சர்’ என்று படம் போட்டான். மாமா வீட்டில் சும்மா தங்கியதற்குத்தான் குற்றப்பத்திரிகை.

கடலுக்கடியிலிருந்து நேரே மலைக்கு வரக்கூடாதாம், அது உனக்குத் தெரியுமா? ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். அது மெதுவாக வெளியேற வேண்டும். அதற்குள் விமானத்திலோ மலையிலோ ஏறினால், காற்றழுத்தம் குறைந்து குமிழியாகக் கிளம்பி மூட்டுக்கு மூட்டு வலி எடுக்கும். தொடர்ந்து சில நாள் முழுகியவர்கள் கடைசி முழுக்குக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். பிள்ளை சட்டத்தை மதித்து, கோலாலம்பூரில் மலிவாக ஓர் அறை பிடித்து ராத்தங்கினான். நைட்ரஜன் மூட்டைப் பிடிக்கவில்லை. மூட்டைப்பூச்சி பிடித்துக்கொண்டது.

தாப்பா வழியாகப் பேருந்தில் வளைந்து வளைந்து ஏறி, வாந்தி எடுத்த முகத்தோடு வந்து இறங்கினான். முதுகெல்லாம் வரிசை வரிசையாகத் தடிப்பு. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மருமகனை வாசலிலேயே நிறுத்தினேன். ‘உள்ளே வா’ என்று சொல்வதற்கு முன்னால் ‘பையைத் திறக்காதே’ என்று சொன்ன தாய்மாமன் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். அவனுடைய துணிமணி மொத்தத்தையும் கறுப்புப் பையில் கட்டி, டவுனில் காசு போட்டால் ஓடும் டோபிக் கடைக்குக் கொண்டுபோய், உலர்த்தும் எந்திரத்தில் அதிகபட்ச சூட்டில் விட்டேன். ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு உள்வரை ஏறினால் மூட்டைப்பூச்சி முட்டையோடு தீர்ந்தது. வெறும் துவைப்பை அது குளியலாக எடுத்துக்கொள்ளும். ஆக, என் வீட்டில் இல்லாத ஒரே பூச்சியை உன் மகன்தான் கொண்டுவந்தான். இதை அவன் சொன்னானா?

இப்போது வீட்டுக்கு வருகிறேன். தோட்டத்தில் கொடுத்த பழைய லயத்து வீடு. பலகைச் சுவர், தகரக்கூரை. இந்த மலைக்குப் பேர் வந்ததே 1885-இல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் என்ற துரையால். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். காட்டை வெட்டிச் சரிவில் கன்று ஊன்றியவர்களில் நம் ஊர்ப்பக்கத்துச் சனம் எவ்வளவோ. அட்டை கடித்த காலோடு அவர்கள் நிரை பிடித்த சரிவில்தான் இன்றைக்கு எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். இப்போது கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்களும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும். அடுத்த வீட்டு நேபாளிக்கு என் ரசம் என்றால் உயிர்.

கூரையில் ஓடுவது பேய் இல்லை, மரநாய். இங்கே முசாங் என்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தகரத்தின் மேல் அது நடந்தால் ஆள் நடப்பது போலவே கேட்கும். சின்னவன் போர்வைக்குள்ளிருந்தே கந்தசஷ்டிக் கவசம் சொன்னான், அதுவும் தப்பும் தவறுமாக. பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, மறுநாள் அங்கே கூட்டிப்போய்ப் பிழை பொறுக்கச் சொன்னேன். எலி உண்டு, மறுக்கவில்லை. அவன் தலைமாட்டில் சாக்லேட் வைத்துக்கொண்டு தூங்கினால் எலி என்ன விரதமா இருக்கும்? நான் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். அடுத்த கட்டத்தில் அது என்னை விட்டுவிட்டு நேபாளி வீட்டுக்குப் போய்விடும். இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

விட்டில்களைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை என்று அத்தான் சொன்னார். அதுதான் எனக்கு வருத்தம். மழை விட்ட ராத்திரியில் வாசல் விளக்கைப் போட்டால் சுவர் முழுக்க விட்டில். பச்சை, பழுப்பு, காய்ந்த இலை மாதிரி ஒன்று, மரப்பட்டை மாதிரி ஒன்று. ஒருநாள் அட்லஸ் விட்டில் வந்து உட்கார்ந்தது. இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஒரு சாண், நுனியில் பாம்புத்தலை வரைந்தது போலிருக்கும். அதற்குச் சாப்பிட வாயே கிடையாது, புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே மிச்ச ஆயுளை ஓட்டும். விருந்தாளி என்றால் அப்படி இருக்க வேண்டும், அக்கா. விடிந்தால் குருவிகள் வந்து சுவரைத் துடைத்தது போல் பொறுக்கித் தின்றுவிட்டு, இறக்கைகளை மட்டும் எனக்குக் கூட்டிப் பெருக்க விட்டுப் போகும்.

அட்டை விஷயம் வேறு. பிரிஞ்சாங் மலைமேல் இருக்கிற பாசிக்காட்டைப் பார்த்தே தீருவேன் என்றான். பேண்ட்டைக் காலுறைக்குள் செருகு, கணுக்காலில் பார் சோப்பை ஈரமாகத் தேய் என்றேன். கூகுளில் அப்படிப் போடவில்லை என்று செருப்போடு கிளம்பிவிட்டான். அட்டை இலை நுனியில் வாலை ஊன்றி நின்று, தலையை இப்படியும் அப்படியும் நீட்டி மோப்பம் பிடிக்கும். மனுசன் மூச்சும் சூடும் பட்டால் போதும், முழம் போட்டு அளக்கிற மாதிரி வந்து ஏறிவிடும். கடிப்பதே தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்தையும் அதுவே போட்டுவிடுகிறது, அதனால்தான் அது விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பிடித்து இழுக்கக்கூடாது. வாய் ஒட்டிய மெல்லிய முனையில் நகத்தை வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். உன் மகன் கத்திய கத்தலில் பக்கத்துப் பாதையில் போன வெள்ளைக்காரர்கள் ஓடிவந்தார்கள். தாய்லாந்துப் பட்டு வியாபாரி ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இந்த மலையில் நடக்கப் போனவர், இன்றுவரை அகப்படவில்லை. நூற்றுக்கணக்கான பேர் தேடினார்கள். அட்டைதான் தூக்கிப்போயிருக்கும் என்பது சின்னவனின் ஆராய்ச்சி முடிவு.

சரி, இவற்றுக்கெல்லாம் ஒரு நேரம் உண்டு. விட்டிலுக்கு ராத்திரி, அட்டைக்கு மழை, முசாங்குக்கு ரெண்டு மணி. நேரம் காலம் இல்லாமல் என்னை வதைப்பது ஒன்றுதான், அதை அவன் கவனிக்கவே இல்லை. ஈரம். உப்பு ஜாடியில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர் இருக்கும். அரிசி போட்டு வைத்தால் அரிசியும் ஊறும். தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிரும். கல்யாணத்துக்கு நீ வாங்கிக் கொடுத்த தோல் செருப்பில் பச்சையாக ரோமம் முளைத்திருக்கிறது. அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு வைத்திருக்கிறேன், என் சட்டைகளுக்கு மட்டும் தினமும் வெயில். தியோமானிலிருந்து அவன் கொண்டுவந்த ரப்பர் உடுப்பு, இங்கே கொடியில் தொங்கியபடி கடைசிவரை காயவே இல்லை. ஈரத்தோடுதான் விமானம் ஏறியது. பெட்டியில் வந்த நாற்றம் என் வீட்டு நாற்றம் என்று நீ நினைத்திருப்பாய். அது அந்த ரப்பர் உடுப்பின் நாற்றம்தான். ஆதாரமில்லாமல் என்னைத் திட்டாதே.

மேலிடத்தில் கூரை ஒழுகுவதைச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள். வாளியை இடம் மாற்றி வைத்திருக்கிறேன்.

டிசம்பரில் எல்லோருமாக வரப்போவதாக அத்தான் சொன்னார். வேண்டாம். அப்போது கிழக்குக் கடலில் பருவக்காற்று, தியோமானில் பல தங்குமிடங்கள் பூட்டிக்கிடக்கும். இங்கேயும் மழை. பிப்ரவரியில் வாருங்கள், மழை குறைவு, அத்தான் முட்டுக்கும் அதுதான் நல்லது. வரும்போது 501 பார் சோப்பு நாலு கட்டி கொண்டு வா. அப்பளம் வேண்டாம், இங்கே வந்தால் துணியாகிவிடும். சின்னவனும் வருவதாக இருந்தால், அவன் பையைக் கோலாலம்பூரிலேயே டோபிக் கடையில் போட்டு எடுத்துவிட்டுப் பேருந்து ஏறச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி