சட்டாம்பிள்ளை

கையடக்கத் திரை எழுத்தறிவை என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் முதலில் சட்டாம்பிள்ளையின் வரலாற்றைப் படிக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான். சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் சிறுசுகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவர்கள் உரக்கச் சொல்லியபடியே மணலில் விரலால் எழுதுவார்கள். எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த மணலெழுத்தை உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் கண்டார். இதெல்லாம் நடக்காது என்று தம் உதவி ஆசிரியர் மறுத்ததும், ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்தான். 1797இல் பெல் அதை லண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பரவியது.

இனி பெங்களூரின் காக்ஸ் டவுன். 1809இல் கன்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டு இந்தப் பக்கம் தமிழ் புழங்குகிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடமும் உருதும், பள்ளியில் ஆங்கிலம். இங்கே பல பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, கண்ணில் இல்லை. பாட்டி சொல்லும் கதை முழுக்கப் புரியும். அதையே அச்சில் கொடுத்தால் ஒரு வரி ஓடாது. பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்ட ஆள் வேண்டும். அப்பா அம்மாவுக்கே தமிழ் எழுத்து தெரியாத வீட்டில் யார் உட்காருவது?

திரை அந்த இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்தது. படக்கதைகள் இலவசம், யாரும் மொழிபெயர்க்கலாம், அதிலுள்ள படங்களைக் கோத்துப் புதுக் கதையும் கட்டலாம். கூகுள் 2019இல் கொண்டுவந்த ‘போலோ’ செயலி, 2020இல் ‘ரீட் அலாங்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனபோது அதில் தமிழும் இருந்தது. பிள்ளை வாசிப்பதை அது கேட்கும். சரியென்றால் நட்சத்திரம் தரும். ‘வாழைப்பழம்’ என்ற இடத்தில் பிள்ளை திக்கி நிற்கிறது என்று வையுங்கள். சொல்லைத் தொட்டால் தியா என்ற குரல் சொல்லித்தரும். ‘வாயப்பயம்’ என்றே கேட்டு வளர்ந்த காதில் ழகர ஒலியும், கண்ணில் அதன் வடிவமும் ஒரே நொடியில் ஏறும். பத்து முறை கேட்டாலும் இந்தச் சட்டாம்பிள்ளை சலிக்காது, பிரம்பெடுக்காது. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் மணலை இது கைவிட்டுவிட்டது. ‘கொ’ எழுதும் கை, முதலில் கொம்பு போட்டு, பிறகு ‘க’ எழுதி, கடைசியில் கால் இழுக்கிறது. சொல்லும்போது க் முதலில் வருகிறது, எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது. அந்த முரணை விரல்தான் பழகித் தீர்க்க வேண்டும். கைப்பேசியில் ‘க’வைத் தட்டி ஒகரக் குறியைத் தட்டினால் கொம்பும் காலும் தாமாகப் போய் இருபுறமும் நிற்கின்றன. இன்னும் பலர் ‘கொ’வையே ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டுப் போகிறார்கள். படிக்கத் தெரிந்து எழுத வராத ஒரு தலைமுறை உருவானால் அதைப் பாதி எழுத்தறிவு என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே காக்ஸ் டவுன் பெற்றோரிடம் கேட்பது இது: திரையில் ஒரு கதை முடிந்ததும் பிள்ளை நோட்டில் மூன்று வரி எழுதட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் கதையை, அவர் சொல்லச் சொல்ல, நோட்டில் எழுதி, அப்புறம் ஸ்டோரிவீவரில் படத்தோடு ஏற்றட்டும். பாட்டி கீரையைக் கன்னடத்தில் போல ‘சொப்பு’ என்றால் சொப்பு என்றே இருக்கட்டும். யாரும் திருத்த வேண்டாம்.