முப்பது அடித் தெரு

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரியைத் தேடிப் போய்விடாதீர்கள். 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நில உபயோக மாற்றம் என்றால் அது! நீர்நிலை ஒரே வீச்சில் குடியிருப்பு. குடியிருப்பு பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஜவுளிக்கடை. கொக்குகள் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

இப்போதெல்லாம் முறைப்படி ஆட்சேபம் கேட்கிறார்கள். பேப்பரில் மூலையோரமாக அறிவிப்பு வருகிறது. இன்ன பிளாக், இன்ன சர்வே எண், இன்ன உட்பிரிவு. குடியிருப்புப் பகுதியிலிருந்து வணிகப் பகுதியாக மாற்ற விண்ணப்பம். ஆட்சேபம் இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தன் வீட்டு சர்வே எண்ணே பாதிப் பேருக்கு மனப்பாடம் கிடையாது. எதிர்வீட்டு சர்வே எண்ணை யார் கண்டது? பக்கத்தைப் புரட்டி ராசிபலனுக்குப் போய்விடுகிறோம். கொஞ்ச நாள் கழித்து ஜேசிபி வந்து நிற்கும்போதுதான், அந்த உட்பிரிவில்தான் இத்தனை வருஷமாகக் கீரை வாங்கிக்கொண்டிருந்தோம் என்று தெரிகிறது.

எங்கள் ஃபிளாட்டுக்கும் ஜேசிபி வரப்போகிறது. ஆனால் நாங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது அது. 1980களில் கட்டிய கட்டடம், எட்டு வீடு. கட்டிய காலத்தில் ஒரு அம்பாசடரும் ஒரு பிரீமியர் பத்மினியும்தான் நின்றன, மற்றவர்களுக்கு ஸ்கூட்டர். இன்று சீலிங்கில் கம்பி தெரிகிறது, பாத்ரூம் கசிவு கீழ்வீட்டுப் பூஜையறை வரை போய்விட்டது. இடித்துக் கட்டலாம் என்றால் முன்பெல்லாம் ஒரே ஒரு வீட்டுக்காரர் மூக்கால் அழுதாலே போதும், காரியம் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று சொல்லிவிட்டது. எட்டில் மூன்றில் இரண்டு ஐந்தே கால் சொச்சம் வீடு. அந்தக் கால் சொச்சம் வீடு யாருடையது என்று எங்கள் முதல் கூட்டம் முழுக்க விவாதித்தோம்.

பில்டர் வரைபடத்தோடு மொட்டை மாடிக்கு வந்தார். 2019 கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐ ஒன்றரையிலிருந்து இரண்டாகிவிட்டது, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்று விளக்கினார். அதற்கு மேலும் வேண்டுமென்றால் அரசாங்கத்துக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாமாம்.

"எதை வாங்கறது?" என்றார் முதல் மாடி மாமி.

"மேல இருக்கிற இடத்தை, மாமி."

"மேல ஆகாசம்னா இருக்கு?"

"அதைத்தான்."

மாமி அண்ணாந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

எவ்வளவு ஆகாசம் கிடைக்கும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டருக்கு மேல் இருந்தால் 30 சதவீதம் கூடுதல், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டர் என்றால் 50. எங்கள் தெரு முப்பது அடி, அதாவது 9 மீட்டர் சொச்சம். பில்டரின் ஆள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை டேப்பைப் பிடித்து, "கரெக்டா இருக்கு சார்" என்றார். ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ், அதாவது தரைத்தளத்தில் வெறும் தூண்கள், அதற்கு மேல் ஐந்து மாடி என்று முடிவாயிற்று.

எங்கள் இரண்டாம் மாடியில் பொதுப்பணித்துறையில் ரிட்டயரான இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். பென்ஷன் வாங்கினாலும் டேப்பை அவர் இன்னும் சரண்டர் செய்யவில்லை. மறுநாள் காலை அவரே இறங்கி அளந்தார். அவர் அளந்தது சுவருக்குச் சுவர் அல்ல. இந்தப் பக்கம் நிற்கும் காரின் சைடு மிர்ரரிலிருந்து அந்தப் பக்கம் நிற்கும் காரின் சைடு மிர்ரர் வரை. அதில் டிரான்ஸ்பார்மர் மேடையைக் கழித்தார். இஸ்திரி வண்டியைக் கழித்தார். எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் வேறு யாரும் வண்டி நிறுத்தக்கூடாதென்று வைத்திருக்கும், உள்ளே சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பாக்கள் இரண்டையும் கழித்தார். மிஞ்சியது பத்தடி சொச்சம். மெட்ரோ வாட்டர் லாரி நுழைந்தால் அதுவும் பூஜ்யம்.

"தெரு அகலத்தை வெச்சு பில்டிங் உயரத்தை நிர்ணயம் பண்றான். அந்த பில்டிங்ல இருந்து வர கார் தெரு அகலத்தை நிர்ணயம் பண்றது. திரும்பி எவன் வந்து அளக்கறான்?" என்றார் டேப்பைச் சுருட்டியபடி.

விதிகளில் சாலை என்றால் சாலைதான். அதன்மேல் என்ன நிற்கிறது என்பது வேறு இலாகா. இருக்கும் எட்டு வீடு பதினாறாகப் போகிறது. எங்கள் தெருவிலேயே இன்னும் நாலு பழைய ஃபிளாட்டுகள் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே அதே முப்பது அடியைக் காட்டித்தான் அனுமதி வாங்கும். ஒரே நகையை ஐந்து வங்கியில் அடகு வைத்தால் போலீஸ் பிடித்துவிடும்.

அதனால்தான் ஸ்டில்ட்டில் பார்க்கிங் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வரைபடத்தில் ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். இன்று எல்லோரும் வாங்கும் பெரிய கார்கள் அகலத்தில் 1.8 மீட்டரைத் தொடுகின்றன. மிச்சம் இரு பக்கமும் ஒரு சாண் சொச்சம். அதில் கதவைத் திறக்கவேண்டும், திறந்த இடுக்கில் ஓட்டியவர் தொந்தியோடு வெளியே வரவேண்டும். பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டில் என் நண்பருக்குத் தூணோரமாக இடம் கிடைத்திருக்கிறது. அவர் காரை நிறுத்தி, கியரைத் தாண்டி, இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, அந்தப் பக்கமாக இறங்குகிறார். மூட்டு வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

இடம் போதாத பதினாறாவது வீட்டுக்கு ஸ்டேக் பார்க்கிங் போடலாம் என்றார் பில்டர். ஒரு காரை மெஷின் மேலே தூக்கிவைக்கும், அடியில் இன்னொரு கார் நிற்கும். மேல் கார் இறங்க வேண்டுமென்றால் கீழ் கார் நகர வேண்டும். விடியற்காலை ஃபிளைட்டுக்குப் போகிறவர் மூன்று மணிக்குக் கீழ் கார்க்காரரின் காலிங் பெல்லை அடிக்க வேண்டும். அந்த இருவரும் முந்தின கூட்டத்தில் தண்ணீர் பில்லுக்காகச் சண்டை போட்டிருக்கக் கூடாது. இந்த நிபந்தனை எந்த பிரவுச்சரிலும் இல்லை.

ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், பில்டர் அதைத் தனியாக விற்கக் கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்கில் சொல்லிவிட்டது. எங்கள் பில்டர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். விலை சொல்லவே இல்லை. "விக்கறதில்ல சார், அலாட் பண்றோம்" என்றார். அலாட்மென்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டதற்கு ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகையில் என் தகப்பனார் இந்த ஃபிளாட்டையே வாங்கினார்.

கடைசியில், இப்போது இருக்கும் எட்டு வீட்டுக்காரர்களுக்கும் அலாட்மென்ட் இலவசம், எந்த இடம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பது என்று ஆயிற்று. கட்டடமே இன்னும் இடிபடவில்லை, கட்டட அனுமதிக்காக சிஎம்டிஏவுக்கு ஃபைல் போகவில்லை. ஆனால் குலுக்கல் மட்டும் நடந்துவிட்டது. பித்தளைச் சொம்பில் எட்டு சீட்டு. கேட்டை ஒட்டி, தூண் இல்லாமல், நேராக உள்ளே விட்டு நேராக எடுக்கக்கூடிய ஒன்றாம் நம்பர் இடம் முதல் மாடி மாமிக்கு விழுந்தது. மாமியிடம் கார் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது. இன்ஜினியருக்கு ஸ்டேக்கின் மேல் தட்டு.

"மாமி, உங்களுக்கு எதுக்கு அது? மாத்திக்கலாமே" என்று இன்ஜினியர் குழைந்து பார்த்தார்.

"ஆகாசத்துக்கே காசு வாங்கறா. இது தரைன்னா" என்றார் மாமி. மாத வாடகை எவ்வளவு என்பதைக் கூட்டம் கலைவதற்குள் சொல்லியும்விட்டார்.