திரைத்திணை விளக்கம்: வீட்டு விமானிகளுக்கு ஒரு சிறு இலக்கணம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் எல்லை சொல்ல வேண்டும். பழைய ஆசிரியர்கள் வேங்கடத்தையும் குமரியையும் சொல்லி முடித்துக்கொண்டார்கள். இந்நூலுக்கு எல்லை கீழே 48 ஹெர்ட்ஸ், மேலே 144 ஹெர்ட்ஸ். நுதலிய பொருள், அடாப்டிவ் சிங்க் மானிட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் திக்காமல் ஓட எதை எதைத் திருகலாம் என்பது. கேட்போர், ராத்திரி பதினொரு மணிக்கு நியூயார்க்கில் இறங்கலாம் என்று உட்கார்ந்து, ஒன்றரை மணிக்கும் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருப்பவர்கள். பயன், அவர்கள் ஒருநாளாவது இறங்குவது.

முன்வரலாறு சுருங்கச் சொல்லப்படும். திரைக்கு அந்நாளில் காத்திருக்கத் தெரியாது. நொடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லிநொடிக்கு ஒரு தடவை, கையில் இருப்பதைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கிராபிக்ஸ் கார்டு இடையில் புகுந்து படத்தை மாற்றினால் மேல்பாதி பழசு, கீழ்பாதி புதுசு. இது கிழிசல். வி-சிங்க் போட்டுக் கிழிசலைத் தைத்தாலோ, ஒரு மில்லிநொடி பிந்திய படமும் அடுத்த முறை வரை வாசலில் நிற்க வேண்டும். இது திக்கல். 2013 அக்டோபரில் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது. இனித் திரைதான் கார்டுக்காகக் காத்திருக்கும் என்றது. 2014 ஜனவரியில் ஏஎம்டி ஃப்ரீசிங்க் என்று எதிர்நூல் செய்தது. அதே ஆண்டு மே மாதம் வெசா அமைப்பு அடாப்டிவ் சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்தது. இரு மதத்தாரும் பிணங்கிக் கிடந்து, 2019 ஜனவரியில்தான் என்விடியா எதிர்மதத்து மானிட்டர்களுக்குத் தன் வாசலைத் திறந்தது. உரையாசிரியர்களின் சண்டைகளோடு ஒப்பிட்டால் விரைவில் முடிந்த வழக்கே.

இனித் திணை. ஃப்ரேம் எண்ணிக்கை விழும் இடத்தைப் பொறுத்து நிலம் ஐந்தாகும்.

குறிஞ்சிக்கு உரிப்பொருள் கூடல். திரையின் உச்சமும் கார்டின் வேகமும் கூடுகிற மலையுச்சி இது. சுடும் விளையாட்டுக்காரர்கள் குடியிருப்பது இங்கே. நம்மவர் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொண்டு ஆளில்லாக் கடல்மேல் போனால் எட்டிப் பார்க்கலாம். இத்திணைக்கு விதி: வி-சிங்க் டிரைவரில் ஆன், விளையாட்டுக்குள் ஆஃப், ஃப்ரேம் வரம்பு உச்சத்துக்கு மூன்று கீழே, 144 என்றால் 141. நம் விமானிக்கு இது பெரும்பாலும் அலங்காரம்.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். 48-க்கு மேலே, உச்சத்துக்குக் கீழே, திரை கார்டுக்காகக் காத்திருக்கிறது. 52 வந்தால் 52, 61 வந்தால் 61. விற்பனைப் பெட்டிமேல் அச்சிட்ட புகழெல்லாம் இந்த ஒரு திணைக்கே உரியது. இங்கும் ஒரு குற்றம் உண்டு. மானிட்டரில் பிக்சலை விரட்டி மாற்றும் ஓவர்டிரைவ் 144 ஹெர்ட்ஸை நினைத்து உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தால், 50-ல் இறக்கையின் ஓரத்தோடு வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு பறக்கும். ஒரு படி குறைக்க.

மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். ஊடுவோர் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும். 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைத் திறந்து எஃப்பிஎஸ் கட்டத்தைப் பார்த்தால், மெயின் த்ரெட்டால் தடைபடுகிறது என்று அதுவே சொல்லும். கார்டு கை கட்டி நிற்க, பிராசஸரில் ஒரே ஓர் இழை மூச்சிரைக்கிறது. இவ்வூடலில் அடாப்டிவ் சிங்க் வெறும் வாயில். தூது போகலாம், தலைவனைத் திருத்த முடியாது. மேன்ஹாட்டன் மேல் திரும்பும்போது ஒரு படத்துக்கு 120 மில்லிநொடி பிடித்தால், என்ன விலை மானிட்டரும் பழைய படத்தையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டு நிற்கும். பலர் இந்த இடத்தில் ரெசல்யூஷனைக் குறைக்கிறார்கள். சும்மா நிற்கும் கார்டுக்கு மேலும் ஒருநாள் லீவு கொடுப்பதே அது. குறைக்க வேண்டியவை வேறு: டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயிலை 200-இலிருந்து 100-க்கு இறக்குக, விமான நிலையத்து ஏஐ டிராஃபிக்கைக் குறைக்க, கிளாஸ் காக்பிட்டின் ரெஃப்ரெஷை ஒரு படி தாழ்த்துக. தூரத்து மலை கொஞ்சம் மொட்டையாகும். இறங்கும்போது மலையை யார் பார்க்கிறார்கள்?

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். 30-க்குக் கீழே. மேகமும் மழையும் மூடிய பெருநகர விமான நிலையங்கள் இதன் கருப்பொருள். இங்கே மானிட்டர் 22 படத்தை மும்மூன்று முறை காட்டி 66 ஹெர்ட்ஸ் என்று எழுதிக்கொள்ளும். கிழிசல் இராது, ஆனால் புதுப்படம் 22-தான். முந்தைய தலைமுறையின் பொறுமையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1982-இல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் சிமுலேட்டரில் கோடுகளால் ஆன சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டிலிருந்து தத்தித் தத்திக் கிளம்பியவர்கள் அதையே பறத்தல் என்று கொண்டாடினார்கள். அந்த ஓடுதளமே 2003-இல் இடிக்கப்பட்டுவிட்டது.

பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். பாலைக்கென்று தனி நிலம் இல்லை, மற்ற நிலங்கள் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது பழைய கொள்கை. இந்நூலுக்கும் அதுவே உடன்பாடு. ஃப்ரேம் எண்ணிக்கை மானிட்டரின் கீழ் எல்லைக்கும் கீழே போனால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டிச் சமாளிப்பது ஓர் உத்தி. லோ ஃப்ரேம்ரேட் காம்பென்சேஷன் என்பது அதன் பெயர். 40 படம் வந்தால் திரை 80-ல் ஓடும். இதற்கு, மேல் எல்லை கீழ் எல்லையின் இரண்டு மடங்குக்காவது மேல் இருக்க வேண்டும். ஏஎம்டி 2015 நவம்பரில் இதை வெளியிட்டபோது இரண்டரை மடங்கு கேட்டது. மலிவு என்று வாங்கிய மானிட்டரின் எல்லை 48 முதல் 75 என்று வைத்துக்கொள்வோம். 38-ஐ இரட்டித்தால் 76, எல்லைக்கு வெளியே. 47-ஐ இரட்டித்தால் 94, கேட்கவே வேண்டாம். 38 முதல் 47 வரை திரையும் கார்டும் பிரிந்தன. சிமுலேட்டர்காரர் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது இதே பத்து எண்களுக்குள் என்பதுதான் கொடுமை. ஆகவே மானிட்டர் வாங்கும்போது 144 என்ற எண்ணைப் பார்த்து மயங்குபவர், 48 என்ற எண்ணையும் பார்க்க.

நல்ல மானிட்டரிலும் பாலையின் விளிம்பு உண்டு. மானிட்டர் மெனுவில் ரெஃப்ரெஷ் ரேட்டைக் காட்டும் எண்ணை ஆன் செய்து, நகரத்தை நெருங்கும்போது மூலையில் கவனிக்க. 52, 51, 49 என்று இறங்கும். அடுத்த கணம் 94. திரும்ப 48. திரும்ப 92. இப்படித் துள்ளும்போதெல்லாம் விஏ, ஓஎல்இடி திரைகளில் ஒளி சற்றே மாறும், ஏனெனில் ஒரு படத்தைப் பிடித்துவைத்திருக்கும் நேரம் மாறினால் பிக்சலின் வெளிச்சமும் நூலிழை மாறுகிறது. பகலில் தெரியாது. இரவுப் பயணத்தில், விளக்குகளை மங்கவைத்த காக்பிட்டின் கருஞ்சாம்பல் பலகை மினுக்மினுக்கென்று துடிக்கும். மானிட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அது எல்லைத் தகராறு.

ஐந்துக்கும் புறம்பானவை இரண்டு. கைக்கிளை என்பது ஒருதலைக் காதல்: டிரைவரில் ஜி-சிங்க் ஆன், மானிட்டரின் சொந்த மெனுவிலோ ஃப்ரீசிங்க் ஆஃப். அல்லது ஃபுல் ஸ்கிரீனுக்கு மட்டும் என்று டிக் செய்துவிட்டு, சிமுலேட்டரை விண்டோவில் ஓட்டுவது. பெருந்திணை என்பது பொருந்தாக் கூட்டம்: 144 ஹெர்ட்ஸ் திரைக்குப் பக்கத்தில் வரைபடம் பார்க்க வைத்த 60 ஹெர்ட்ஸ் திரையில் வீடியோவும் ஓடிக்கொண்டிருப்பது. விஆர் கண்ணாடி அணிவோர்க்கு இந்நூல் பயன்படாது. அவர்களுக்கு வேறு இலக்கணம், வேறு தலைவலி.

திணைமயக்கமும் உண்டு. 2022-இல் வந்த டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷன், இரண்டு மெய்ப்படங்களுக்கு நடுவே ஒரு பொய்ப்படத்தைச் செருகி 35-ஐ 70 ஆக்குகிறது. பாலையில் இருந்தவர் முல்லையில் இருப்பதாகத் தோன்றும். குறை சொல்ல மாட்டேன்; பயணிகள் விமானத்தை மெதுவாகத் திருப்புகிறவருக்கு இந்தப் பொய் போதும். ஆனால் ஊடல் தீரவில்லை. இழை இன்னும் மூச்சிரைக்கிறது.

இத்தனைக்கும் பொதுவிதி ஒன்றே: வரம்பு கட்டுக. 45-க்கும் 70-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட, மாறாத 40 மேல். ஒவ்வொரு படத்துக்கும் 25 மில்லிநொடி. தலையசைவைப் பின்தொடரும் டிராக்ஐஆரைத் தலையில் கட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாலும் ஓடுதளம் வழுக்கிக்கொண்டு வரும். 55-ஐத் தாங்கும் இயந்திரம் என்றால் 55. 48-ஐ ஒட்டி மட்டும் வரம்பு கட்டக் கூடாது. அதிக எண்ணே அதிக இன்பம் என்பது பிறர் மதம். அவர்கள் பெரும்பாலும் எஃப்பிஎஸ் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே பறப்பவர்கள்.

எண்ணைத் தேர்வது கடல்மேல் அன்று. உங்களிடம் உள்ளதிலேயே கனத்த விமானத்தில், கனத்த நகரத்தில், மழைநேரத்தில் இறங்கிப் பார்க்க. அங்கே கண்ட அடிமட்ட எண்ணுக்கு இரண்டு மூன்று கீழே வரம்பை வைத்து, ரிவாட்யூனர் செயலியிலோ டிரைவரிலோ போட்டுவிட்டு, செட்டிங்ஸை மூடுக. அடுத்த டிரைவர் அப்டேட் வரும்வரை திறக்க வேண்டாம்.