பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பச்சை

அந்தக் காலத்தில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒரே கேள்விதான்: சுண்ணாம்பில் நீலம் எவ்வளவு கலப்பது? கொஞ்சம் கூடிப்போனால் வீடு வருஷம் முழுக்க வெளிர்நீலம். யாரும் கவலைப்பட்டதில்லை, அடுத்த பொங்கல் வரும்.

இப்போது படுக்கையறைக்குப் பெயின்ட் வாங்கப் போனால், கடைக்காரர் கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு ஷேடு கார்டை நீட்டுகிறார். வானவில்லுக்கே ஏழு நிறத்தில் பிழைப்பு ஓடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கோ ஆயிரத்துக்கும் மேல். மகள் சாம்பல் கேட்டாள். “எழவு வீடா இது?” என்றார் அம்மா, அவருக்கு வாஸ்துதான் கணக்கு. மனைவி பிஸ்தா என்றாள். என்னிடம் கேட்டது பணம் மட்டும்.

பிஸ்தாவே வென்றது. கார்டில் தளிராக இருந்தது சுவரில் தவளையாகிவிட்டது. “காயட்டும் சார், அடங்கிடும்” என்றார் பெயின்டர். எமல்ஷன் காயக் காய நிறம் பெரும்பாலும் அழுத்தமாகும், தவளை தேரையானது. போதாக்குறைக்கு, ஜன்னல் வெயிலில் ஒரு பச்சை, 6500 கெல்வின் எல்.இ.டி. வெளிச்சத்தில் இன்னொரு பச்சை, 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் பாசி. ஒரு டப்பா காசுக்கு மூன்று நிறம், லாபம்தான்.

பிறகு பீரோ வந்தது, கட்டில் வந்தது, காலண்டரும் துணிக்கொடியும் வந்தன. மிச்சம் தெரிகிற சுவர் ஒரு முழம்.

இரவு விளக்கை அணைத்தோம். அந்த நிறம் ஷேடு கார்டில் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது.