திருப்பதி யாத்திரைக்குரிய காலம்: லக்ஷ்மிபாய் நகரை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பதிக்கு உகந்தது புரட்டாசி என்பர் ஆன்றோர். மார்கழி வைகுண்ட ஏகாதசியே என்பாரும் உளர். தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இவ்விரு கொள்கையும் செல்லா. புரட்டாசியில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. தமிழ்ப் பள்ளி இந்நகரிலேயே இருப்பதால் ஆசிரியர் கண்ணில் படாமல் ஊருக்குக் கிளம்பவும் முடியாது. மார்கழி பிறக்கையில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர். அப்போது அமைச்சகத்தில் விடுப்புக் கேட்பது, ராகுகாலத்தில் பெண் கேட்பதை ஒக்கும். கூட்டத்தொடர் முடிந்தால் மூடுபனி. ரயில் வரும் நாளே ஆய்வுக்குரியதாகிவிடும்.

ஆகவே இப்பகுதிக்குத் தனிப் பஞ்சாங்கம் தேவை. அதன் ஐந்து அங்கங்கள்:

திதி: எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணச் சலுகைக் கட்டம். நான்காண்டுக் கட்டத்தில் சொந்த ஊருக்கு இருமுறை. அதில் ஒன்றை ‘இந்தியாவில் எங்கேனும்’ என மாற்றிக்கொள்ளலாம். பெருமாள் இவ்வினத்தில் அடங்குவார். அவர் எங்கும் நிறைந்தவர் என்பதற்கு இனி அரசு விதியே சான்று.

வாரம்: வெள்ளி. அலுவலகம் முடிந்து கிளம்பினால் சனி, ஞாயிறு விடுப்புக் கணக்கில் மிச்சம். தெற்கே சூலம் வியாழனன்றுதான். இவ்வொன்றில் மட்டும் பழைய சாத்திரமும் புதிய சாத்திரமும் ஒத்துப்போகின்றன.

நட்சத்திரம்: அக்னி. வேறெதுவும் பொருந்தாது, தில்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே நடுவில்தான் தொடங்குகிறது.

யோகம்: தனயோகம். எல்.டி.சி.யில் செல்வோர் ஒவ்வொரு முறையும் 10 நாள் ஈட்டிய விடுப்பைக் காசாக்கலாம். பணிக்காலம் முழுவதற்கும் உச்சவரம்பு 60 நாள். உண்டியலுக்கு நேர்ந்த பணம் இவ்வழியே வருவதாகக் கருதலாம்.

கரணம்: முன்பதிவு. 2024 நவம்பருக்கு முன் 120 நாள் முன்னதாகத் திறந்த ரயில் முன்பதிவு, இப்போது 60 நாளுக்கு முன்புதான் காலை 8 மணிக்குத் திறக்கிறது. 300 ரூபாய் தரிசனச் சீட்டோ அதற்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது. சேவிக்கும் நேரம் முதலில் உறுதியாகிறது. போய்ச் சேரும் வழி பிறகு. எனவே இது குட்டிக்கரணம்.

ஐந்தும் கூடும் காலம் வைகாசி முதல் ஆனி நடுவரை. அப்போது திருமலையில் கூட்டம் தாங்காதே என்பது எதிர்வாதம். கூட்டமாக நிற்பவர்களில் பாதிப்பேர் இதே ஆய்வை முடித்துவிட்டு வந்தவர்கள் என்பது நம் மறுப்பு.

பஞ்சாங்கம் வெளியிடுவோர்க்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த பதிப்பிலிருந்து, ராகுகாலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்கும் ஒரு கட்டம் ஒதுக்குக.