காலத் தொங்கப் போடு, பேராண்டி

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. திருப்போரூர் பக்கம் இள்ளலூர்ல ஒண்டர்லா பார்க் தொறந்துட்டாங்க, அதுல தஞ்சோரான்னு ஒரு ரோலர் கோஸ்டர் ரயில் வுடறாங்க, அதுல ஏறப் போறேன்னு ஊரெல்லாம் தமுக்கடிச்சிக்கினு திரியறியாமே. நல்லது, போ. வாணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா கெளம்புறதுக்கு முந்தி பெரிசு சொல்றத ரெண்டு காதுலயும் வாங்கிக்கோ. ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல வுடறதுக்கு அந்த வண்டியில வேணுங்கிற அளவு காத்து அடிக்கும். அத அங்க போய்ப் பாத்துக்கலாம்.

மொதல்ல ஒரு சந்தேகம். உனக்கு நீச்சல் கத்துக் குடுக்க இடுப்புல சொரக்குடுக்கையக் கட்டி நம்ம கெணத்துல தூக்கிப் போட்டப்போ, "ஆயா"ன்னு நாலு ஊருக்குக் கேக்க அலறினியே, அதுக்கு நான் காசு கேட்டனா? அன்னிக்கே கெணத்து மேட்டுல ரெண்டு பொம்மைய நட்டு வெச்சி, டிக்கெட் கிழிச்சி, "ஒரு தரம் அலற இவ்ளோ"ன்னு போர்டு மாட்டியிருந்தா இந்நேரம் நானும் மொதலாளி. புத்தி வல்ல.

அந்தப் புத்தி ஒண்டர்லாவ ஆரம்பிச்ச கேரளாக்காரருக்கு வந்துச்சி. கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளின்னு பேரு. 1977ல வீ-கார்டு கம்பெனிய ஆரம்பிச்சி ஸ்டெபிலைசர் வித்த மனுஷன். வோல்டேஜ் ஏறி எறங்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் பொட்டி வித்தாரு. அப்பால 2000ல கொச்சியில வீகாலேண்ட் தொறந்து, ஆளுங்கள ஏத்தி ஏத்தி எறக்குனாரு. கரண்டு ஏறி எறங்கினா நட்டம், மனுஷன் ஏறி எறங்கினா லாபம்னு எவனுக்குடா தோணும்? தாம்பரத்தாண்ட கிஷ்கிந்தா பார்க் கட்டின நவோதயா அப்பச்சனும் அந்தாண்ட ஆளுதான். நம்மளப் பயமுறுத்தினா காசு வரும்ங்கிற ரகசியம் மலைக்கு அந்தப்பக்கம் எப்படித்தான் தெரிஞ்சிதோ.

இள்ளலூர்ல 64 ஏக்கர்னதும் நெல்லு வெச்சா எத்தினி மூட்டை தேறும்னு வெரல் வுட்டுக் கணக்குப் போட்டேன். அப்பால 611 கோடி செலவுன்னாங்க. வெரல மடக்கிக்கினேன். 2025 டிசம்பர் 2ஆம் தேதியில இருந்து ஜனங்கள உள்ள வுடறாங்க. உன் கூட்டாளிங்க பாதிப் பேரு போய்ட்டு வந்து கதையளந்துட்டானுங்க. நீதான் பாக்கி. அந்தக் கடுப்பு உன் மூஞ்சியில தெரியுது.

சரி, வண்டிக்கு வருவோம். தஞ்சோராவுல தண்டவாளம் தலைக்கு மேல. நீ அதுல தொங்குற. காலுக்குக் கீழ தரையும் கெடையாது, தகரமும் கெடையாது. செஞ்சவங்க சுவிட்சர்லாந்துக்காரங்க. மோந்தேன்னு ஒரு சின்ன ஊரு. வால்டர் பொலிகர், கிளாட் மபியார்னு ரெண்டு இஞ்சினியருங்க 1988ல சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. ரெண்டு பேரோட மொத எழுத்த வெச்சி பி அண்ட் எம். இந்தத் தொங்குவண்டிய மொத மொதல்ல 1992ல அமெரிக்காவுல, சிகாகோவுக்குப் பக்கத்துல வுட்டாங்க. பேரு இன்னா தெரியுமா? பேட்மேன். தொங்குறதுக்கு வௌவால் மனுஷன் பேர வெச்சான் பாரு, அங்கதான் நிக்கிறான் வெள்ளக்காரன். இவங்க வண்டி நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. 2013லயே மகாராஷ்டிராவுல கோபோலி பக்கம் இமேஜிகாவுல நைட்ரோன்னு ஒண்ணு வந்துடுச்சி. அதுலயும் காலு ஆடும், ஆனா தண்டவாளம் அடியில. இவங்க செஞ்ச வண்டி தண்டவாளத்துல இருந்து தொங்குறது இந்த நாட்டுல நம்ம திருப்போரூர்லதான் மொதல்ல.

இதெல்லாம் பெரிசுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. உங்கப்பன் வாங்கிக் குடுத்த போன் சும்மாதான கெடக்குது. ராத்திரியில எனக்குத் தூக்கம் வல்ல. அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல.

இந்தத் தொழில ஆரம்பிச்சி வெச்சவன் கதைய கேட்டா நீ சிரிப்ப. 1884ல நியூயார்க் கோனி ஐலேண்டுல லமார்கஸ் தாம்சன்னு ஒருத்தர். காலுறை நெய்யிற தொழில் பண்ணவரு. ஜனங்க சாராயக்கடையில வுழுந்து கெடக்குறாங்களே, நல்ல வழியில பொழுதப் போக்க ஒண்ணு குடுப்போம்னு மேடு பள்ளமா மரத்துல தடம் போட்டு வண்டி வுட்டாரு. 5 சென்ட் டிக்கெட். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம். நம்ம வீட்டு எருமை மெரண்டா அத முந்திடும். அதுக்கே க்யூ கட்டி நின்னாங்க. சாராயக்கடைய ஒழிக்க வந்த வண்டிக்கு இப்ப நூத்து நாப்பது வயசு தாண்டிடுச்சி. வண்டியும் ஓடுது, கடையும் ஓடுது.

அப்பால ஆச வளந்துச்சி. 1895ல அதே கோனி ஐலேண்டுல ஆள ஒரு சுத்து தலகீழா சுத்த வெப்போம்னு வட்டமா ஒரு வளையம் போட்டாங்க. வட்டம்னா காம்பஸ் வெச்சி வரைஞ்ச வட்டம். உள்ள நேரா போனவங்க கழுத்து சுளுக்கி வெளிய வந்தாங்க. வட்டத்துக்குள்ள பூந்ததும் ஒரே அடியா இழுப்பு ஏறுது, கழுத்து தாங்குமா? எண்பது வருசம் கழிச்சி, 1976ல ஜெர்மனிக்காரர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்டுச் சொன்னாரு, வட்டம் வாணாம், கீழ அகலமா மேல குறுக்கலா கண்ணீர்த் துளி வடிவத்துல வளைங்கடான்னு. இழுப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சி, கழுத்தும் தப்பிச்சிது. அந்த வளைவெல்லாம் மரத்துல லேசுல வராது, எஃகுதான் தோது. எஃகுக் குழாய வளைச்சி வண்டி வுடறத 1959லயே டிஸ்னிலேண்டு மாட்டர்ஹார்ன்ல காட்டிட்டாங்க. அதுக்கும் முந்தி 1919ல ஜான் மில்லர்னு ஒரு ஆளு, தண்டவாளத்துக்கு மேல ஓடுற சக்கரம் பத்தாது, அடியிலயும் ஒரு சக்கரம் புடிச்சிக்கணும்னு பேடண்ட் வாங்கி வெச்சாரு. மேல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, அடியில ஒண்ணு. அந்த மூணு புடி இருக்குறதாலதான் வண்டி தண்டவாளத்த வுட்டு எழும்பாம இருக்குது. நீ கட்டின மஞ்சக் கயிறு இல்ல காரணம். அதையும் கட்டிக்கோ, தப்பில்ல.

இன்னொண்ணு கேளு. அந்த மாதிரி வண்டியில இஞ்சினே கெடையாது. உச்சிக்கு இழுத்துக்கினு போயி வுட்டுடுவான். அங்கயிருந்து பாரமும் பூமி இழுக்குற இழுப்பும்தான் வேலை பாக்குது. அந்த பாரத்துல நீ காலையில தின்ன எட்டு இட்லிக்கும் பங்கு இருக்குது. காலையில மொத வண்டி கொஞ்சம் சோம்பலா ஓடும். வெயில் ஏறி, சக்கரம் சூடாகி, கிரீஸ் எளகினதும் வேகம் கூடும். என் முழங்காலும் பத்து மணிக்கு மேலதான் வழிக்கு வரும், அதனால எனக்கு அந்த வண்டி மேல ஒரு பாசம்.

தீம், தீம்னு சொல்றியே, தீம்னா இன்னா? சோடிச்ச பொய். தாம்சனே 1887ல அட்லாண்டிக் சிட்டியில போட்ட தடத்துல குகை வெச்சி, படம் வரைஞ்சி, வெளக்கு போட்டு வெளையாடிட்டாரு. எனக்குப் புடிச்ச பொய் இங்கிலாந்துல ஆல்டன் டவர்ஸ்னு ஒரு எடத்துல இருக்குது. அங்க மரத்து உச்சிக்கு மேல எதுவும் எழும்பக் கூடாதுன்னு கட்டுப்பாடு. உசரமா கட்டித்தான பயமுறுத்தணும்? அவன் அசரல. பூமியத் தோண்டினான். பாறைக்குள்ள குழி வெட்டி, அதுக்குள்ள வளைச்சி வளைச்சித் தண்டவாளம் போட்டு, "கீழ ஒரு பூதம் படுத்திருக்குது, தோண்டினப்ப முழிச்சிக்கிச்சி"ன்னு கத கட்டி, ஓடுற தண்ணியில செகப்புச் சாயத்தக் கலந்து வுட்டான். 1994ல தொறந்தாங்க. நெமசிஸ்னு பேரு. அதுவும் இதே சுவிட்சர்லாந்துக்காரங்க செஞ்ச தொங்குவண்டிதான். சட்டம் தடுத்தா லஞ்சம் குடுக்குறவனத்தான் நான் பாத்திருக்கேன். சட்டம் தடுத்ததுக்காகப் பூதத்தப் பெத்தவன இப்பதான் கேள்விப்படறேன்.

நம்ம ஊருல கதைக்கா பஞ்சம்? தஞ்சோராவுக்குக் கோயில் கட்டடக் கலையத் தீமா எடுத்துக்கினாங்க. ராசராசன் 1010ல முடிச்ச பெரிய கோயில் இருக்குதே, அதோட உச்சிக் கல்ல ஏத்துறதுக்கு சாரப்பள்ளத்துல இருந்தே சரிவு போட்டு இழுத்தாங்கன்னு தஞ்சாவூர்ல ஒரு கத சொல்லுவாங்க. கதையோ நெசமோ, நெனச்சிப் பாரு. ஆளும் யானையுமா மூச்சு முட்ட ஒரு சரிவுல ஏத்துறாங்க. ஏத்தினது ஆயிரம் வருசமா அங்கயே குந்தியிருக்குது. இவங்களும் சரிவுலதான் ஏத்துறாங்க. ஏத்தி மூச்சு வுடறதுக்குள்ள தள்ளி வுட்டுடுறாங்க. அங்க ஏத்தினது எறங்கிட்டா ராசாவுக்கு அவமானம். இங்க ஏத்தினது எறங்கலன்னா கம்பெனிக்கு அவமானம். தஞ்சாவூர்ப் பேர நெனப்பூட்டுற வண்டியில போயி, "ராசராசா காப்பாத்து"ன்னு கத்திட்டு வந்துடாத. அவரு மேல நிக்கிறதுக்குத்தான் கேரண்டி குடுத்தாரு.

இப்ப புத்தி சொல்றேன். காலையில பட்டினியாவும் போவாத, பிரியாணியோடவும் போவாத. அந்தப் பிரியாணிய நீ மட்டும் தின்னிருப்ப, பின்னாடி குந்துறவனும் ருசி பாக்க வேண்டியதாப் பூடும். செருப்பக் கழட்டிடு. அறுந்த வாரை ஊக்கு குத்திப் போட்டிருக்கியே, அது கீழ போறவன் மண்டைக்குத்தான் தேடிப் போவும். எங்க குந்துறதுன்னு அடிச்சிக்காத. முன்னாடி குந்தினா எதிர்ல தண்டவாளத்தத் தவிர மறைக்க ஒண்ணும் இல்ல, வெட்ட வெளி. பின்னாடி குந்தினா, முன் பாதி ஏற்கெனவே எறங்கி ஓடிக்கினு இருக்கும்போது உன்ன உச்சியில இருந்து சுண்டி இழுக்கும், குடல் அங்கயே நின்னுடும். தைரியசாலின்னு காட்டிக்கிறவன் முன்னாடி குந்துவான், நெசமான பைத்தியம் பின்னாடி குந்தும். உனக்கு எந்த எடம்னு நான் சொல்ல மாட்டேன், உங்க ஆயா சொல்லுவா.

போன கையில வெச்சிக்கினு ரீல் எடுக்குறேன்னு நிக்காத. 2024ல அதே திருப்போரூர்ல, கந்தசாமி கோயில் உண்டியல்ல ஒருத்தரோட ஐபோன் வுழுந்துச்சி. உண்டியல்ல வுழுந்தது சாமிக்குன்னுட்டாங்க. உள்ள இருக்குற டேட்டாவ வேணா எடுத்துக்கோன்னாங்க. பேப்பர் பேப்பரா வந்துச்சி. முருகன் அந்த அளவுக்காவது எறங்கி வந்தாரு. தஞ்சோராவுல இருந்து வுழுந்தா டேட்டாவும் தூளு, போனும் தூளு.

கத்தணும்னு தோணிச்சின்னா கத்திடு. வாய இறுக்கி மூடிக்கினு, கண்ணக் குத்தி நிறுத்திக்கினு, "எனக்கு ஒண்ணும் இல்லையே"ன்னு குந்தியிருப்பானுங்க சில பேரு. எறங்கினதும் அவனுங்கதான் மொதல்ல சுவரத் தேடுவானுங்க.

ஒரு விசயம் மட்டும் எனக்குச் சிரிப்பா இருக்குது. அங்க போயி பெல்ட்ட நாலு தரம் இழுத்துப் பாப்ப. "அண்ணே, லாக் ஆயிடுச்சா?"ன்னு அந்தப் பையன அஞ்சு தரம் கேப்ப. அவன் வந்து ஒரு தரம் அழுத்திப் பாத்துட்டுத்தான் போவான். காலையில ஆளு ஏத்துறதுக்கு முந்தி வெறும் வண்டிய வுட்டுப் பாத்துட்டுத்தான் தொறப்பாங்க. தடத்தத் துண்டு துண்டா பிரிச்சி, ஒரு துண்டுல ஒரு வண்டி வெளிய போனாத்தான் அடுத்தது உள்ள வரும்னு கம்ப்யூட்டர் காவல் காக்குது. ஒரு உறையில ரெண்டு கத்தி கெடையாது. இவ்வளவு பேரு உன் உசுருக்குக் காவல் இருக்குற எடத்துல உனக்கு நடுக்கம். ஆனா அங்க போறதுக்கு பைக்குல ஓஎம்ஆர் ரோட்டுல போற பாரு, ஹெல்மெட்ட டாங்கு மேல வெச்சிக்கினு, பின்னாடி ரெண்டு பேர ஏத்திக்கினு, தண்ணி லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவுல பூந்து பூந்து! அப்ப பாட்டு பாடுற. அந்த ரோட்டுல உனக்கு எந்த ஸ்டெங்கலுடா கணக்குப் போட்டுக் குடுத்தான்?

அதனால பைக் வாணாம், பஸ்ஸுல போலாம்.

ஆமா, "போலாம்"னுதான் சொன்னேன். காது நல்லாத்தான இருக்குது உனக்கு? டிக்கெட்ட ரெண்டா போடு. பெரியவங்களுக்குக் கொறச்சிப் போடறாங்களான்னு அந்தப் போன்லயே பாரு. நான் தேடினேன், எழுத்து சின்னதா இருக்குது. பீப்பி இருக்குறவங்க ஏறக் கூடாதுன்னு போர்டு இருக்குமேன்னுதான கேக்கப் போற? போன வாரம்தான் நர்சம்மா பாத்துட்டு, "பெரியவரே, என்ன விட உங்களுக்கு நல்லா இருக்குது"ன்னா. முதுகு வலியா? அது உங்கப்பன் கழனி வேலைக்குக் கூப்புடறப்ப மட்டும் வர்ற வலி.

வேட்டிதான் ஒரே சங்கடம். காலு தொங்குற வண்டியில வேட்டியோட ஏறினா, கீழ நிக்கிறவங்களுக்கு டிக்கெட் இல்லாமலே ஒரு ஷோ. அதுக்கும் வழி பண்ணிட்டேன். உங்க சித்தப்பன் வுட்டுட்டுப் போன டிராக் பேண்ட் ஒண்ணு பரண்ல கெடந்துச்சி. நாடா மாத்தி, துவைச்சி, மாட்டுக் கொட்டாயில காயப் போட்டிருக்கேன். அந்தப் பக்கம் உங்க ஆயா வர மாட்டா.

அவ கேட்டா திருப்போரூர் முருகனப் பாக்கப் போறோம்னு சொல்லு. பொய் சொல்றோமேன்னு மூஞ்சத் தொங்கப் போடாத. கோயிலுக்கும் போயி, நெத்தி நெறைய விபூதி பூசிக்கினுதான் வருவோம். ஏறுறதுக்கு முந்தி போறதா, எறங்கினப்பறம் போறதாங்கிறதத்தான் நான் இன்னும் முடிவு பண்ணல.