கண்டிச் சீமைக்கு ஒரு மணி நேரம்

கண்டியிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம் என்று கைபேசியைக் கேட்டால், வான்வழியே ஏறக்குறைய 440 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி என்கிறது. கண்டியில் விமான நிலையமே இல்லை என்ற சில்லறைத் தகவல் அதற்கு எட்டவில்லை. பாவம், நம் அமைச்சர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்த கைபேசி. குண்டசாலையில் விமான நிலையம் வருகிறது என்று எத்தனை தடவை காது குளிரக் கேட்டாயிற்று! மத்தளையில் 2013இல் ஒன்றைத் திறந்தே விட்டார்கள். இரண்டு வருடத்தில் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். இந்த நாட்டில் நெல்லுக்கு விமான நிலையம் உண்டு. கண்டிக்காரனுக்குக் கடுகண்ணாவை வளைவுகளும் வாந்திப் பையும்.

போகட்டும். என் வயிற்றெரிச்சல் விமானத்தைப் பற்றியதல்ல, அந்த 440ஐப் பற்றியது.

செடித் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி அளந்துவிட்ட கதையை நம்பித் திருச்சிப் பக்கமிருந்து கண்டித் தோட்டங்களுக்குப் புறப்பட்டவர்களுக்கு யார் தூரம் சொன்னது? தோணியில் மன்னார்க் கரை. பிறகு மாத்தளை வரை இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் காடு. பசி, வாந்திபேதி, காய்ச்சல். விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்த பிறகும் இதே கதைதான்: கோப்பி மூட்டை ரயிலில் இறங்கியது, அதைப் பறிக்க வேண்டிய ஆள் காட்டு வழியே நடந்து ஏறியது. மூட்டைக்கு விலை இருந்ததல்லவா! கொழும்பு - கண்டிப் பாதை போட்ட கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் கோபுரமே எழுப்பினார்கள். காட்டுப் பாதையில் செத்தவர்களுக்கு அப்படி ஒன்று எழவில்லை. 2023இல் அவர்கள் நினைவாக எங்கள் ஆட்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்கள். தார் றோட்டில், தண்ணீர் போத்தலோடு. அப்படியும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

வரும்போது கவனிக்க நாதியில்லை. திருப்பி அனுப்பும்போதுதான் இரண்டு அரசாங்கங்களுக்கும் கணக்குப் பாடம் நன்றாக வந்தது. 1948இல் எங்கள் குடியுரிமையைப் பிடுங்கினார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைகளைக் கூறு போட்டார்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவள்கூட வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் கூறு கட்டுவாள். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக வெட்டினார்கள். ஒற்றைப்படையாக ஒரு தலை மிஞ்சியிருந்தால் அதையும் நெடுக்குவாட்டில் பிளந்திருப்பார்கள்.

ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. கோச்சி நிலையத்தில் ஒப்பாரி. தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று துரத்தப்பட்டவனை அங்கே ‘சிலோன்காரன்’ என்று வரவேற்றார்கள்.

அண்ணன் நீலகிரியில் மறுபடியும் தேயிலைத் தூரடியில் நின்றான். தங்கை தெல்தோட்டைப் பக்கம் அதே தேயிலையில் நின்றாள். இப்போது அவள் பேரனிடம் கைபேசி இருக்கிறது. அது ஒரு மணி நேரம் என்கிறது. விசா, கட்டுநாயக்கா, டிக்கட் காசு என்று அவன் விரல்விட்டு எண்ணுகிறான். பிறகு நாட்சம்பளம் எத்தனை நாளுக்குச் சேர்த்தால் காணும் என்று எண்ணத் தொடங்குகிறான். விரல் போதவில்லை.